தகடூர்ச் சீமையில் கடல் பேச்சு

திங்கள், தர்மபுரி

இந்த வாரம் முழுவதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் போகிறேன். கடலியல் என்றால் என்ன, அதைப் படிக்க என்ன வழி, படித்தால் என்ன வேலை என்பதைச் சொல்வதற்காக இந்தப் பயணம். இரவு அறைக்குத் திரும்பியதும் அன்றன்றைக்கு நடந்ததை இங்கே எழுதிவிடுவேன்.

நான் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரி. அரசுப் பள்ளி, தமிழ் வழி, பிறகு இயற்பியல் பட்டம். கடலியல் என்று ஒரு முதுநிலைப் படிப்பு இருப்பது, கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த ஒரு தாளால்தான் எனக்குத் தெரிந்தது. இன்று வங்கக் கடலின் வெப்பத்தையும் உப்பையும் அளப்பது என் தொழில். அந்தத் தாளை அன்று யாராவது கிழித்துப் போட்டிருந்தால் இந்த வேலையில் நான் இல்லை. ஒரு மாவட்டத்துப் பிள்ளைகளின் படிப்பு இப்படி ஒரு தாளை நம்பி இருக்கக் கூடாது.

காலையில் மொரப்பூரில் ரயிலிலிருந்து இறங்கி, பஸ் பிடித்துத் தர்மபுரிக்கு வந்தேன். தை மாதத்துப் பனி இன்னும் விலகவில்லை. போன பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ மாணவர்களை ஒரே கூடத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கடலை நேரில் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்றேன். பாதிக்கும் குறைவான கைகளே உயர்ந்தன. தூக்கியவர்களிலும் பலர் சுற்றுலாவில் மெரினாவில் கால் நனைத்தவர்கள்.

பையிலிருந்து இரண்டு தெர்மோகோல் கோப்பைகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். ஒன்று கடையில் வாங்கியபடி இருப்பது. மற்றது, நாங்கள் கப்பலிலிருந்து இறக்கும் அளவுக் கருவியோடு வலைப்பையில் கட்டி, வங்கக் கடலில் 3000 மீட்டர் ஆழத்துக்குப் போய் வந்தது. அது கட்டைவிரல் உயரத்துக்குச் சுருங்கிப் போயிருக்கிறது. உடையவில்லை, கோணவும் இல்லை. வடிவம் அப்படியே இருக்கிறது. இறக்குவதற்கு முன் அதன்மேல் பேனாவால் எழுதிய பெயர்களும் கூடவே சுருங்கி, எறும்பு எழுத்துகளாக நிற்கின்றன. கோப்பை வரிசை வரிசையாகக் கைமாறிப் போனது. ஒரு பையன் நகத்தால் அழுத்திப் பார்த்துவிட்டு, “அக்கா, இது கல் மாதிரி இருக்கிறது” என்றான். தெர்மோகோலில் பெரும்பகுதி காற்று. பத்து மீட்டர் இறங்கும்போதெல்லாம் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. 3000 மீட்டரில் முந்நூறு மடங்கு. உள்ளே இருந்த காற்றுக்கு இடமே இல்லாமல் போய்விட்டது. பாடப்புத்தகத்தில் அழுத்தம் என்ற சொல்லுக்கு எதிரே ஒரு சூத்திரம் இருக்கும். இன்று அந்தச் சூத்திரத்தை அவர்கள் கையில் பிடித்துப் பார்த்தார்கள்.

முதல் கேள்வி ஒரு மாணவியிடமிருந்து வந்தது. “எனக்கு நீச்சல் தெரியாது. நான் இதைப் படிக்கலாமா?” தாராளமாகப் படிக்கலாம். கப்பலில் போகும் ஆய்வாளர் கடலில் குதிப்பதில்லை. கருவியை இறக்குகிறார், தண்ணீரை மேலே எடுக்கிறார், எண்களோடு மல்லுக்கட்டுகிறார். பவளப்பாறையை ஆராய்பவர்களுக்கு முக்குளிக்கத் தெரிய வேண்டும், அதையும் பிறகு கற்றுக்கொள்ளலாம். கணக்கும் இயற்பியலும் வேதியியலும் உயிரியலும்தான் இந்தத் துறைக்குள் நுழையும் வாசல்கள். அவை நான்கும் தர்மபுரியில் இருக்கின்றன.

செவ்வாய், பென்னாகரம், ஒகேனக்கல்

பென்னாகரத்துப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, தம் பற்களின் பழுப்புக் கறையைக் காட்டினார். “இது எங்கள் ஊர்க் கிணறு போட்ட கையெழுத்து, அம்மா. ஃபுளோரைடு. கடல் படிப்புக்கும் எங்கள் தண்ணீருக்கும் என்ன தொடர்பு என்று பிள்ளைகள் கேட்பார்கள், தயாராக வாருங்கள்.”

அவர் அப்படிக் கேட்டதற்கு நன்றி சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்றைய பேச்சு முழுவதும் அந்தக் கேள்வியின் மேலேயே நின்றது. குடிநீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் ஃபுளோரைடு இருக்கலாம். கடல்நீரில் இருப்பதே ஏறத்தாழ 1.3 மில்லிகிராம். அதாவது இந்த மாவட்டத்தில் சில ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீர், ஃபுளோரைடைப் பொறுத்தவரை கடலையே மிஞ்சிவிட்டது. பாறையைத் தொட்டுக்கொண்டு நெடுங்காலம் கிடந்த தண்ணீர், பாறையிலிருந்து கரைத்து எடுத்துக்கொண்ட சீதனம் அது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது இதற்காகத்தான்.

கடலில் அந்த 1.3 ஏன் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் இருக்கிறது? 1872 முதல் 1876 வரை உலகைச் சுற்றி வந்த சேலஞ்சர் என்ற கப்பலிலிருந்து நவீனக் கடலியல் தொடங்குகிறது. அது கொண்டுவந்த 77 கடல்நீர் மாதிரிகளை டிட்மார் என்ற வேதியியலாளர் பகுத்துப் பார்த்தார். உப்பின் அளவு கடலுக்குக் கடல் கூடலாம், குறையலாம். அந்த உப்புக்குள் குளோரைடு, சோடியம், சல்ஃபேட், மக்னீசியம் போன்றவற்றுக்கு இடையிலான பங்கு அநேகமாக மாறுவதில்லை என்பது அவர் கண்டது. கடல் அந்த அளவுக்கு நன்றாகக் கலக்கப்பட்ட தண்ணீர். தர்மபுரியில் ஒரு கிணற்றுக்கும் பக்கத்துக் கிணற்றுக்கும் ஃபுளோரைடு வேறுபடுவது ஏன் என்று யோசித்த பிள்ளைக்கு, கடல் ஏன் வேறுபடவில்லை என்ற கேள்வியின் எடை உடனே புரிந்துவிடுகிறது. கடல்சார் வேதியியல் என்ற பிரிவில் இவர்களுக்கு ஒரு முன் அனுபவம் இருக்கிறது என்றே சொல்வேன். சோதனைச்சாலையில் அயனிகளை அளக்கும் முறை, கிணற்று நீருக்கும் கடல்நீருக்கும் அடிப்படையில் ஒன்றுதான்.

மாலையில் காட்டு வழியாக ஒகேனக்கல் இறங்கினேன். இந்தப் பருவத்தில் தண்ணீர் மிதமாகத்தான் இருந்தது. மேலே பிலிகுண்டுலுவில் மத்திய நீர்வள ஆணையம் காவிரியின் ஓட்டத்தை அளக்கிறது. தமிழ்நாட்டுக்கு எவ்வளவு வருகிறது என்ற வழக்கும் வாதமும் அந்த எண்ணைச் சுற்றியே நடக்கின்றன. நான் அளப்பது அதன் மறுமுனை. கங்கையும் பிரம்மபுத்திராவும் ஐராவதியும் மகாநதியும் கோதாவரியும் கொட்டும் நன்னீர், வங்கக் கடலின் உப்பு நீருக்கு மேலே, பாலின்மேல் ஆடை படர்வதுபோல, இலேசான ஒரு படலமாகத் தங்கிவிடுகிறது. அடியில் உள்ள குளிர்ந்த நீர் மேலே வந்து கலக்க அது சுலபத்தில் விடாது. ஆகவே மேற்பரப்பு சூடாகவே இருக்கிறது. புயலுக்கு அந்தச் சூடுதான் தீனி. அரபிக் கடலைவிட வங்கக் கடலில் புயல்கள் அதிகம் உருவாவதற்கான காரணங்களில் இதுவும் ஒன்று.

பரிசல் துறையில் வறுத்த மீன் வாங்கிச் சாப்பிட்டேன். பரிசல்காரர் ஒருவர், எந்த இடத்தில் சுழல் எப்போது இடம் மாறும் என்று விரலால் கோடு போட்டு விளக்கினார். நீரோட்டவியலில் அவருக்குச் சமமாகப் பேச எனக்குக் கணினி வேண்டும்.

புதன், அரூர்

இன்று கல்லூரி மாணவர்கள். கதை கேட்கும் வயதைத் தாண்டி, கணக்குப் பார்க்கும் வயதுக்கு வந்துவிட்டவர்கள். “எங்கே சேரலாம்? என்ன தேர்வு? உதவித்தொகை எவ்வளவு?” என்று நேராகக் கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. சொன்னதை அப்படியே எழுதுகிறேன், வர முடியாதவர்களுக்குப் பயன்படும்.

உயிரியல் படித்தவர்களுக்கு முதலில் நினைவுக்கு வர வேண்டிய ஊர் பரங்கிப்பேட்டை. வெள்ளாற்றுக் கழிமுகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் அங்கே இருக்கிறது. தொண்டியில் அழகப்பா பல்கலைக்கழகத்துக்குக் கடலியல் துறை உண்டு. திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் கடல் அறிவியல் துறை இருக்கிறது. திருச்சிக்கும் கடல் இல்லை என்பதைக் கவனியுங்கள். இயற்பியல், கணிதம் படித்தவர்களுக்குக் கொச்சிப் பல்கலைக்கழகமும் விசாகப்பட்டினத்தில் ஆந்திரப் பல்கலைக்கழகமும் பழைய, பெயர் பெற்ற இடங்கள். ஐ.ஐ.டி. புவனேஸ்வரில் வளிமண்டல, கடல் அறிவியல் முதுநிலைப் படிப்பு உண்டு. அதற்கு ஜாம் என்னும் முதுநிலை நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பொறியியல் என்றால் சென்னை ஐ.ஐ.டி.யின் கடல்சார் பொறியியல் துறை.

முதுநிலை முடித்தவர்களுக்கு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் புவி, வளிமண்டல, கடல், கோள் அறிவியல் என்று தனிப் பாடமே இருக்கிறது. அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுகளுக்குப் பிறகு 42,000. முனைவர் பட்டம் முடிக்க ஐந்தாண்டாவது ஆகும்.

வேலை கொடுப்பவர்களில் முக்கியமானவை 1966-இல் தொடங்கி இப்போது கோவாவில் இருக்கும் தேசியக் கடலியல் நிறுவனம், 1993-இல் தொடங்கி இப்போது சென்னைப் பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், கொச்சியில் உள்ள மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம். 1947-இல் பிறந்த இது, பல ஆண்டுகள் நம் மண்டபத்தில்தான் இருந்தது. கோவாவில் துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் இருக்கிறது. அண்டார்டிகாவுக்கு ஆட்களை அனுப்புவது அதுதான். ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்னும் தேசியக் கடல் தகவல் மையம். சுனாமி எச்சரிக்கை 2007 முதல் அங்கிருந்துதான் வருகிறது. மீன் எங்கே திரளும் என்று மீனவர்களுக்குச் சொல்வதும் அங்கிருந்துதான். இந்தியாவின் கடல் வரைபடங்களைத் தயாரிக்கும் அலுவலகம் இமயமலை அடிவாரத்தில் டேராடூனில் இருக்கிறது. கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குத்தான் இந்த வேலை என்று இனி யாராவது சொன்னால் ஹைதராபாத்தையும் டேராடூனையும் காட்டுங்கள்.

மூடி மறைக்காமல் சொல்ல வேண்டியதும் ஒன்று உண்டு. நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. திட்டப் பணியாளராக ஒப்பந்தத்தில் சேர்ந்து, திட்டம் முடிய முடிய அடுத்ததைத் தேடும் ஆண்டுகள் பலருக்கும் உண்டு. வீட்டில் கடன் நெருக்கும் பிள்ளைக்கு அது சுமை. துறைமுகங்கள், கடலடி அளவாய்வு, எண்ணெய் எரிவாயுப் பணிகள், கடல் காற்றாலைத் திட்டங்கள் என்று அரசுக்கு வெளியிலும் வாய்ப்புகள் இருக்கின்றன. கணினியில் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு அவை இன்னும் அகலமாகத் திறக்கின்றன. படிக்கும்போதே பைத்தான் என்ற நிரல்மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள் என்று அத்தனை பேரிடமும் வற்புறுத்திச் சொன்னேன்.

வியாழன், ஊத்தங்கரை

2024 டிசம்பர் தொடக்கத்தில் இந்த ஊர்ப் பெயர் நாடு முழுவதும் அடிபட்டது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, நகராமல் நின்று, வலுவிழந்து மேற்கே வந்தது. புயல் ஓய்ந்தது என்று எல்லோரும் நினைத்த பிறகு ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அரூரில் 33. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஓராண்டு மழையில் பாதிக்கு மேல் ஊத்தங்கரையில் ஒரு பகலும் ஒரு இரவும் சேர்ந்து இறங்கிவிட்டது. ஏரி நிரம்பி, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் அடித்துச் செல்லப்பட்டன. தென்பெண்ணை பெருகி, சாத்தனூர் அணைக்குக் கீழே விழுப்புரம், கடலூர் வரை ஊர்களை மூழ்கடித்தது.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேநீர்க் கடையில், அன்று தண்ணீர் ஏறிய உயரத்தைக் கடைக்காரர் சுவரில் கை வைத்துக் காட்டினார். அவருக்கு ஒரு கேள்வி இருந்தது. ஓராண்டுக்கு மேலாகியும் ஆறவில்லை. “கடலே இல்லாத ஊருக்குக் கடல் எப்படியம்மா வந்தது?”

வகுப்பறையில் நான் தொடங்கியதும் அந்தக் கேள்வியிலிருந்துதான். அந்த மழை வங்கக் கடலிலிருந்து எழுந்த நீராவி. கடலின் மேற்பரப்பு எவ்வளவு சூடு, அந்தச் சூடு எத்தனை மீட்டர் ஆழம் வரை இறங்கியிருக்கிறது என்பது தெரிந்தால் புயலின் போக்கைக் கணிக்கும் கணினிக்கு நல்ல தொடக்கம் கிடைக்கும். செயற்கைக்கோள் மேற்பரப்பை மட்டுமே பார்க்கும். உள்ளே பார்க்க, கடலில் நங்கூரமிட்ட மிதவைகளும் ஆர்கோ மிதவைகளும் வேண்டும். ஆர்கோ மிதவை என்பது ஆளுயரமுள்ள ஒரு குழல். அது 1000 மீட்டர் ஆழத்தில் நீரோட்டத்தோடு அலைந்துகொண்டிருக்கும். பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டருக்கு இறங்கி, அங்கிருந்து மேலே ஏறி வரும்போதே வெப்பத்தையும் உப்பையும் அளந்து, நீர்மட்டத்துக்கு வந்ததும் செயற்கைக்கோளுக்கு அனுப்பிவிட்டு மறுபடியும் மூழ்கிவிடும். உலகக் கடல்கள் முழுவதும் ஏறத்தாழ நாலாயிரம் மிதவைகள் இப்படி வேலை செய்கின்றன. இந்தியாவும் விடுகிறது. அந்தத் தரவு யாரும் எடுத்துப் பார்க்கக்கூடிய பொதுச்சொத்து.

பள்ளியின் கணினியில் அதைத் திறந்து, வங்கக் கடலில் ஒரு மிதவையைச் சொடுக்கினோம். மேலே முப்பது டிகிரிக்கு அருகில் தொடங்கிய கோடு, நூறு மீட்டரைத் தாண்டியதும் சரிவில் இறங்கி, கீழே சில டிகிரியில் போய் நின்றது. முன்வரிசை மாணவி எழுந்து வந்து, திரையில் அந்தச் சரிவின்மேல் விரல் வைத்து, “இது இன்னும் கீழே தள்ளி இருந்தால் புயலுக்கு அதிகச் சூடு கிடைக்குமா?” என்று கேட்டாள். இந்தக் கேள்வியில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். தன் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த பிள்ளை அவள். வெள்ளத்தில் எதை இழந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. கோட்டைப் பற்றியே அரை மணி நேரம் பேசினோம்.

ஊத்தங்கரையிலிருந்து ஒருத்தியாவது இந்தத் துறைக்கு வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். கணிப்பு தவறினால் என்ன ஆகும் என்பது அவளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

வெள்ளி, கிருஷ்ணகிரி அணை, பாரூர்

வழியெல்லாம் மாமரங்கள் பூத்திருக்கின்றன. அணையில் காற்று அதிகம். ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை.

பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று இருக்கிறது என்பதே பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் பலருக்குத் தெரியவில்லை. பிளஸ் டூ முடித்ததும் சேரக்கூடிய மீன்வள அறிவியல் பட்டம், பி.எஃப்.எஸ்சி., தூத்துக்குடியிலும் பொன்னேரியிலும் இருக்கிறது. தொழிற்படிப்பு, மீன்வளத் துறை வேலைகளுக்கு நேர் வழி. ஏரியில் மீன் வளர்க்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் இதைக் கேட்டதும் நோட்டில் எழுதிக்கொண்டான். அவன் அப்பா மீன்குஞ்சு வாங்க அந்த மையத்துக்குப் போய் வருகிறவராம்.

சனி, ஓசூர்

கூடப் படித்தவன் இங்கே லேத் பட்டறை வைத்திருக்கிறான். கார் உதிரிப்பாகங்கள் கடைவது அவன் தொழில். பள்ளிக்குப் போகும் முன் அங்கே போனேன். என் பையில் ஒரு பழைய அளவுக் கருவியின் மூடி இருந்தது. அதை அவனிடம் கொடுத்தேன். மூடியைச் சுற்றி ஒரு பள்ளம், அதில் கறுப்பு ரப்பர் வளையம். ஓ-ரிங். ஆழ்கடலின் முழு அழுத்தத்தையும் இந்த வளையம்தான் வெளியே நிறுத்துகிறது. மூடும் முன் அதைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவி, விளக்கு வெளிச்சத்தில் சுற்றிச் சுற்றிப் பார்ப்போம். ஒரு தலைமுடியோ மணலோ இடையில் சிக்கினால் போதும், உள்ளே தண்ணீர் கசிந்து மின்சுற்று பாழாகிவிடும்.

அவன் வளையத்தைப் பார்க்கவில்லை. வளையத்தைக் கழற்றிவிட்டுப் பள்ளத்துக்குள் நகத்தை ஓட்டினான். “உள்பரப்பை நன்றாக முடித்திருக்கிறார்கள். இதை இங்கேயே செய்யலாமே, ஏன் வெளிநாட்டிலிருந்து வாங்குகிறீர்கள்?” என்றான். நியாயமான கேள்வி. நாங்கள் கடலில் இறக்கும் கருவிகளில் பெரும்பாலானவை இன்னும் இறக்குமதிதான். மத்ஸ்யா 6000 பற்றிச் சொன்னேன்: மூன்று பேரை 6000 மீட்டர் ஆழத்துக்குக் கொண்டுபோக, சென்னையில் உருவாகும் நீர்மூழ்கி, ஆட்கள் உட்காரும் கோளம் 2.1 மீட்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் தடிமனுள்ள டைட்டானியம் கலவை. அதற்கு முன்னோட்டமாக 2025 ஆகஸ்டில் பிரான்ஸ் நாட்டு நீர்மூழ்கியில் அட்லாண்டிக்கில் இறங்கிய இந்தியர் இருவரில் ஒருவர் 5002 மீட்டர் வரை போய் வந்தார். என் நண்பன் டைட்டானியத்தைக் கடைவது எவ்வளவு தொல்லை என்று பத்து நிமிடம் விளக்கினான். ஆய்வுக் கப்பலில் கருவிகளைக் கம்பியில் இறக்கி ஏற்றும் வின்ச்சை இயக்குபவர், மின்னணு வேலை செய்பவர், பிட்டர் என்று பட்டயமும் ஐ.டி.ஐ.யும் படித்தவர்களும் வருகிறார்கள். ஓசூர்ப் பிள்ளைகளுக்கு இதையும் சொல்ல வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்து, சொன்னேன்.

ஓசூருக்கு மிக அருகிலுள்ள கடல் ஆய்வுக்கூடம் எது என்று வகுப்பில் கேட்டேன். சென்னை என்றார்கள். இல்லை, பெங்களூரு. இந்திய அறிவியல் நிறுவனத்தில் வளிமண்டல, கடல் அறிவியல் மையம் இருக்கிறது. கடல்மட்டத்திலிருந்து தொள்ளாயிரம் மீட்டர் உயரத்தில் உட்கார்ந்து வங்கக் கடலை ஆராய்கிறார்கள். பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

பேச்சு முடிந்து வெளியே வந்தபோது ஒருவர் காத்திருந்தார். மகள் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு. என்னைப் பற்றிக் கேள்விப்பட்டு அப்பாவைக் கூட்டி வந்திருக்கிறாள். ரோஜாத் தோட்டத்தில் மேற்பார்வை வேலை அவருக்கு. மகளைப் பேசவிடாமல் தானே கேட்டார். பெண் பிள்ளைகளைக் கப்பலில் ஏற்றுகிறார்களா? ஏற்றுகிறார்கள். கடலியலாளர் அதிதி பந்த் 1983-84 பயணத்திலேயே அண்டார்டிகா போய் வந்தவர். இன்று எங்கள் பயணங்களில் பெண்கள் இல்லாத கப்பல் அபூர்வம், அவர்களுக்குத் தனி அறைகள் உண்டு. எத்தனை நாள் வீட்டை விட்டு இருக்க வேண்டும்? ஒரு பயணம் வழக்கமாக மூன்று, நான்கு வாரம். மற்ற மாதங்களெல்லாம் அலுவலகமும் கணினியும்தான். குமட்டல் வருமா? முதல் சில நாட்கள் வரும், பெரும்பாலோருக்குப் பழகிவிடும். வேலை நிச்சயமா? இல்லை, அரூரில் சொன்னதையே அவரிடமும் ஒளிக்காமல் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். “ஜாம் தேர்வுக்கு எப்போது விண்ணப்பம்?” என்றார். வழக்கமாகச் செப்டம்பர் வாக்கில் தொடங்கும், தேர்வு பிப்ரவரியில் என்றேன். மகள் கைப்பேசியை எடுத்து என் எண்ணைப் பதிந்துகொள்ளப் போனாள். அவர் தடுத்தார். “என் எண்ணுக்கு அனுப்புங்கள் அம்மா. அவள் பரீட்சை நேரத்தில் கைப்பேசி பார்க்க மாட்டாள். நான் பார்ப்பேன்.”